ஊரும் சான்றும்

வேலமரம் மிகுந்த ஊரே வேலூர் என்பார் ஒருவர். வேலனுடைய ஊர் என்பார் மற்றொருவர். ஒலியைக் கொண்டு பொருளுரைத்தல் எளிது; சான்று காட்டுதலே அரிது.

அண்டையிலுள்ள ஆம்பூரை நோக்குங்கள். ஆம்பல் பூத்த ஊரென்று இன்று எவரும் சொல்லிவிடலாம். ஆனால் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்து நடுகற்கள் இரண்டு அங்கே கிடைத்தன. ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்ட வீரரைப் போற்றும் அச்சாசனங்களில் காணும் பெயர் 'ஆமையூர்' என்பதாம்! அவற்றைப் படித்து வெளியிட்டவர், 1886-ல் அரசாங்கச் சாசன ஆராய்ச்சியாளராக அமர்ந்த ஜெர்மானிய அறிஞர் ஹூல்ஷ்.

சாசனத்தையும் இலக்கியத்தையும் இணைத்து ஆராய்ந்து, ரா. பி. சேதுப்பிள்ளை 1946-ல் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலை அளித்தார். பேரூர்கள் இவ்வாறு ஏட்டிலேறின. வயல், மேடு, ஓடை, துறை இவற்றின் பெயர்களுள் பலவோ முதியோர் நாவில் மட்டுமே வாழ்கின்றன. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் சாலைகள் எழுந்த நிலங்களுக்கும் முன்பு பெயர் இருந்ததன்றோ?

ஆகவே நேயர்களே, இல்லத்துப் பெரியோரைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஒலியைத் திருத்தாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். பொருளைப் பின்னர் ஆராயலாம். பெயரே மறைந்தபின் ஆராய யாது உளது?