துறைகள் கூடிச் செய்யும் சூழல் ஆய்வு: எங்கள் நிலைப்பாடு

புவியை வாழத்தக்கதாக வைத்திருப்பதற்கான ஆய்வு எதுவானாலும், அதன் கேள்வியை வகுக்கும்போதே பல துறையினரும் அந்த இடத்து மக்களும் கூடி அமர வேண்டும். பொதுநிதியில் நடக்கும் ஆய்வுகளுக்கு இதை நிபந்தனையாக்க வேண்டும் என்று எங்கள் அமைப்பு கோருகிறது.

நாங்கள் காட்டும் சான்று தமிழ்நாட்டுக் கடற்கரையில் உள்ள பிச்சாவரம். அங்கே அலையாத்திக் காடு அழிந்ததற்கு மாடு மேய்த்தவர்கள்மீதும் விறகு வெட்டியவர்கள்மீதும்தான் நெடுநாள் பழி இருந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வு வேறு காரணத்தைக் கண்டது. ஆங்கிலேயர் காலம் தொட்டு 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொத்தமாக வெட்டியிருந்தார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கி, நிலம் நடுவே குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்ப வழியின்றித் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பு ஏறியது. அந்த உப்பில் கன்றுகள் பிழைக்கவில்லை. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து, கரைகளில் கண்டல் நட்ட பிறகே காடு திரும்பியது. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து அதைப் பேணினார்கள்.

பழைய பழியையே நம்பியிருந்தால் வேலி போட்டு மக்களை விரட்டியிருப்பார்கள். நீர் அப்படியே தேங்கிக் கிடந்திருக்கும். வனப் பதிவேடு, செயற்கைக்கோள் படம், மண்ணின் உப்பளவு, ஊராரின் நினைவு எல்லாம் ஒரே மேசைக்கு வந்தால்தான் இப்படிப்பட்ட காரணம் பிடிபடும்.

கூடி ஆய்வதால் கருத்து வேறுபாடு தீர்ந்துவிடாது. 2004 சுனாமியில் ஊர்களைக் காத்தது அலையாத்திக் காடே என்று சில ஆய்வுகள் கூறின. கடலிலிருந்து ஊர்கள் இருந்த தொலைவும் நில உயரமுமே பெரிதும் காத்தன என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இந்த வாதம் தேவையானது. அடுத்த கரையில் காடு நடுவதா, வீடுகளை மேட்டுக்கு மாற்றுவதா என்ற முடிவு இதைப் பொறுத்தது.

மூன்றாண்டு நிதி இத்தகைய கூட்டாய்வுக்குப் போதாது. நட்ட கன்று காடாவதற்குள் திட்டம் முடிந்துவிடுகிறது. பத்தாண்டு நிதி வேண்டும். ஆய்வில் வழிகாட்டும் மீனவருக்குக் கூலியும், அறிக்கையில் பெயரும் உரிமையாக வேண்டும். முடிவுகள் தமிழில் கிராமசபை முன் வைக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்கள் பதவி உயர்வில் கூட்டாய்வுக்குத் தனியாய்வுக்கு இணையான மதிப்புத் தர வேண்டும். அடுத்த நிதி அறிவிப்பிலேயே இவற்றைச் சேர்க்குமாறு ஆய்வு நிதி வழங்கும் துறைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.