கிரிவலம் வரும் ஊரில் கடல்வலம் பேசுவோம்!

திருவண்ணாமலையில் கடல் இல்லை. ரமணாசிரமத்து வாசலில் நின்று பார்த்தால் மலை தெரியும், மரங்கள் தெரியும், செங்கம் சாலையில் போகும் பஸ் தெரியும். கடலைப் பார்க்கப் புதுச்சேரிப் பக்கம் போகவேண்டும். அது ஏறக்குறைய 100 கிலோ மீட்டர். அப்படிப்பட்ட ஊரில் பாய்ப்படகைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம்.

பேச்சு இருக்கிறது. 'வலம்' என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியது இல்லை. மலையைச் சுற்றி 14 கிலோ மீட்டர். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் வலம் முடியும். குறுக்கு வழி கிடையாது.

கடலிலும் அதே நியாயம்தான்! பாய்ப்படகில் உலகைச் சுற்றுகிறவர்கள் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பவேண்டும். பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டவேண்டும். சூயஸ், பனாமா கால்வாய்களில் புகுந்து குறுக்கே போகக்கூடாது. நம் கடற்படை இந்தப் பிரயாணத்துக்கு வைத்த பெயர் 'சாகர் பரிக்ரமா'. தமிழில் சொன்னால், கடல்வலம்!

இரண்டு பெண்கள், ஒரு படகு

2024 அக்டோபர் 2-ந் தேதி கோவாவில் இருந்து 'தாரிணி' என்ற பாய்ப்படகு புறப்பட்டது. அதில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் நம் பக்கத்துப் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. இருவரும் கடற்படை அதிகாரிகள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்து தீவு, தென் ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் தங்கி, 2025 மே 29-ந் தேதி கோவா திரும்பினார்கள். போன தூரம் 25 ஆயிரம் கடல் மைலுக்கு மேல். அதாவது 46 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல். நம் கணக்கில் சொன்னால், மூவாயிரம் தடவைக்கு மேல் கிரிவலம் வந்த தூரம்!

இதே படகில் 2017-18-ல் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றி வந்தார்கள். ஆகவே இது அதிர்ஷ்டத்தால் நடந்த காரியம் அல்ல.

படகு எப்படிப்பட்டது?

தாரிணி பெரிய கப்பல் அல்ல. கோவாவில் உள்ள ஒரு படகுத் தளத்தில் கட்டி, 2017-ல் கடற்படையில் சேர்த்தார்கள். நீளம் 56 அடி. ஒன்றரை பஸ் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 23 டன். பாய்மரத்தின் உயரம் 25 மீட்டர். நம் ராஜகோபுரம் 66 மீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயரமான கம்பம் அந்தச் சின்னப் படகில் நிற்கிறது!

இவ்வளவு உயரத்தில் பாய் கட்டினால் படகு கவிழாதா?

தஞ்சாவூர் ராஜா ராணிப் பொம்மையைப் பாருங்கள். தள்ளினால் சாயும், விட்டால் நிமிரும். காரணம், அடியில் உள்ள கனம். பாய்ப்படகுக்கும் அடியில் கனமான உலோகத்தை வைத்துக் கட்டுகிறார்கள். தூரப் பிரயாணப் படகுகள் பலவற்றில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் கனம்தான். காற்று பாயைத் தள்ளும். அடிக்கனம் படகை நிமிர்த்தும்.

எதிர்க்காற்று அடித்தால்? நேராக எதிர்த்துப் போக எந்தப் பாய்ப்படகாலும் முடியாது. சற்றுச் சாய்வாக ஒரு பக்கம் போய், திரும்பி மறுபக்கம் போகவேண்டும். மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறுவது போல!

வேகம் பெரிதா?

படகின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீரைத் தொடும் நீளம் எவ்வளவோ அதைப் பொறுத்தது அது. தண்ணீர் மட்டத்தில் 49 அடி நீளம் உள்ள கனமான படகுக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் ஒன்பதரைக் கடல் மைல். அதாவது 17 கிலோ மீட்டர். சைக்கிள்காரர் கூட முந்திவிடுவார்!

ஆனால் சைக்கிள்காரர் இரவில் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். படகு இரவும் பகலும் போகும். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பார். தென் கடலில் மணிக்கு 90 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட காற்று அடித்தது. அப்போது தேவைப்பட்டது வேகம் அல்ல. பாயைச் சுருக்கும் புத்தியும், படகின் அடிக்கனமும்தான்.

நல்ல படகு எது? வேகமாக ஓடுவது அல்ல, சாய்ந்தாலும் நிமிர்வது. இதுதான் என் அபிப்பிராயம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

ஒவ்வொரு கோடை விடுமுறையிலும், ஏரியிலும் கிணற்றிலும் குளிக்கப்போன பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் பத்திரிகைகள் அச்சிடுகின்றன. படித்துவிட்டு, "தண்ணீர்ப் பக்கமே போகாதே!" என்று பிள்ளையை அதட்டுகிறோம். பெண் பிள்ளை என்றால் இரண்டு மடங்கு அதட்டல். அதட்டினால் நீச்சல் வந்துவிடுமா? தெரியாதவன்தான் மூழ்குகிறான்.

"கடல் இல்லாத ஊரில் இதெல்லாம் எதற்கு?" என்பார்கள். வேலூரிலும்தான் கடல் இல்லை. அங்கே பிறந்த விஷ்ணு சரவணன் ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டினார். சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் ஓட்டினார். ஐதராபாத்திலும் கடல் இல்லை. உசேன் சாகர் ஏரியில் பாய்ப்படகுப் பந்தயம் நடக்கிறது.

"பணக்காரர் விளையாட்டு" என்பதிலும் உண்மை உண்டு. தாரிணி போன்ற படகை யாரும் வீட்டுக்கு வாங்க முடியாது. ஆனால் பிள்ளைகள் கற்கும் 'ஆப்டிமிஸ்ட்' படகு எட்டு அடிகூட இல்லை. எடை 35 கிலோ. ஒரு பிள்ளை தனியாகவே ஓட்டலாம். ஒரு குடும்பம் வாங்க முடியாததை ஒரு மாவட்டம் வாங்கலாம். பத்துப் பள்ளிகள் சேர்ந்து பயன்படுத்தலாம்.

முதலில் நீச்சல். ஆணுக்கும் பெண்ணுக்கும், பள்ளியிலேயே, தகுந்த ஆசிரியரை வைத்து. அதற்குப் பிறகு, அபாயம் இல்லாத ஏரி பார்த்து, மிதவைச் சட்டை மாட்டி, சின்னப் படகு. சர்க்கார் இதைச் செய்யவேண்டும். அதுவரை பெற்றோர் சும்மா இருக்கவேண்டியது இல்லை. வரும் விடுமுறையில் பிள்ளையை நீச்சல் குளத்தில் சேருங்கள்.

கடலையே பார்க்காத பிள்ளைக்கும் அடிக்கனம் வேண்டும். அதைக் கட்டிக்கொடுப்பது நம் கையில் இருக்கிறது.