எங்கள் வீட்டு ‘அவன்’

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையனை ஒரு ஏ.சி. ரெஸ்டாரண்டுக்குக் கூட்டிப்போனேன். வயது பதினொன்று. மெனு கார்டை ஐகோர்ட் தீர்ப்பு மாதிரி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு, ‘சீஸ் பேக்டு பாஸ்தா’ என்ற இடத்தில் விரலை வைத்தான். அவன் இடது பக்கம் படித்தான். நான் வலது பக்கம் படித்தேன். ரூபாய் 420.

அந்த நம்பரைப் பார்த்ததுமே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் வந்தது. மேலே மஞ்சளாக ஒரு சீஸ் போர்வை. போர்வையை விலக்கினால் உள்ளே இருபத்து மூன்று பாஸ்தா. எண்ணினேன், சார். பி.காம். படித்தவனுக்கு எங்கே போனாலும் ஸ்டாக் எடுக்காமல் இருக்க முடியாது. ஒரு பாஸ்தா 18 ரூபாய் சொச்சம். ஜி.எஸ்.டி. தனி.

“ஏம்ப்பா, இதை நம்ம வீட்டிலே பண்ண முடியாதா?”

“ஏன் முடியாது? ஜுஜுபி!” என்றேன்.

உலகத்தின் பெரிய விபத்துகளெல்லாம் இந்த ஒரு வார்த்தையில்தான் ஆரம்பிக்கின்றன.

* * *

விபத்துக்குப் போவதற்கு முன்னால், எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடு பற்றி ஒரு சின்ன ஸ்டேட்மெண்ட்.

வீட்டில் ஐந்து பேர். சாப்பாடு ஐந்து ஷிஃப்ட். ஏழரைக்கு அப்பா. சர்க்கரைக்காரர். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தட்டைத் தட்டுவார். எட்டு மணிக்குப் பையன். வலது கையில் தோசை, இடது கையில் செல்போன். எட்டே முக்காலுக்கு, பாங்க்கிலிருந்து வந்து குளித்துவிட்டு, என் மனைவி. ஒன்பதரைக்கு நான், என்னுடைய செல்போனோடு. ஐந்தாவது ஷிஃப்ட் அம்மா.

அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. முப்பத்தாறு வருஷமாக அவள் கையால் சாப்பிடுகிறேன். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது கல்யாண வீடுகளில் மட்டும்தான்.

தோசையின் சுபாவம் அப்படி. கல்லில் ஒரு சமயத்துக்கு ஒன்றுதான் வேகும். வீட்டில் யாராவது ஒருத்தர் நின்றே ஆகவேண்டும். அப்படி நின்றவர் கடைசியில், ஓரம் கருகின ஒன்றையும் பிய்ந்துபோன ஒன்றையும், மிச்சமிருக்கிற சட்னியோடு அடுப்பு மேடைப் பக்கத்திலேயே முடித்துக்கொள்வார். இதற்கு நம் வீடுகளில் வைத்திருக்கும் பெயர், ‘நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கறேன்.’

இதையெல்லாம் நான் அன்றைக்கு யோசித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது என் மனசில் இருந்தது அந்த 18 ரூபாய் பாஸ்தாவைப் பழிவாங்குவது ஒன்றுதான்.

* * *

அடுத்த சனிக்கிழமை. சூப்பர் மார்க்கெட்டில் நின்றபடி வீட்டுக்கு போன் போட்டேன்.

“அம்மா, அவனைக் கொஞ்சம் துடைச்சு வைம்மா. சாயங்காலம் வேணும்.”

“எவனைடா?”

“அவன்மா... ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கே.”

“அதுவா! அதிலே வடகம் இருக்குடா.”

மூன்று வருஷத்துக்கு முன்னால் தீபாவளி ஆஃபரில் வாங்கிய ஓ.டி.ஜி. அவன் அது. வந்த வாரத்தில் ஒரு கேக் செய்தோம். அதை வெட்ட அரிவாள்மணை தேவைப்பட்டது. அதோடு அவனுக்கு உத்தியோக மாற்றம் ஆகி, ஸ்டோர் ரூமாகிவிட்டான். உள்ளே வடகம், அப்பளக்கட்டு, டப்பா தொலைந்துபோன பத்துப் பன்னிரண்டு மூடிகள்.

சாமான் பட்டியலைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு பென்னே பாஸ்தா 400 கிராம். (சாய்வாக வெட்டின குழாய். இத்தாலிய பாஷையில் பென்னே என்றால் பேனாக்கள். நிப் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.) வெண்ணெய் 60 கிராம், மைதா 60 கிராம், பால் ஒரு லிட்டர், பிராசஸ்டு சீஸ் 200 கிராம், மொசரெல்லா சீஸ் 200 கிராம். குடமிளகாய், காரட், பீன்ஸ் நறுக்கியது இரண்டு கப். நாலு பல் பூண்டு, மிளகுத்தூள், உப்பு.

சீஸைப் பார்த்ததும் அம்மா, “சைவம்தானே?” என்றாள். நியாயமான கேள்வி. பாலை உறைய வைக்கப் பழைய முறையில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பார்கள். இத்தாலியின் பார்மிஜானோ சீஸில் இன்றைக்கும் அதுதான். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அந்தக் கவலை இல்லை. காட்டினேன். சமாதானமானாள்.

பையன் பாஸ்தா பாக்கெட்டின் பின்பக்கத்தை உரக்கப் படித்தான். “டியூரம் கோதுமை ரவை.”

“ரவையா? நம்ம உப்புமா ரவையா?” என்றாள் அம்மா.

“ஏறக்குறைய” என்றேன்.

ஹாலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். “உப்புமாவுக்கு ஓட்டை போட்டு 420 ரூபாய் வாங்கியிருக்கான். இவனும் குடுத்துட்டு வந்திருக்கான்!”

* * *

இனி செய்முறை. முதலில் பாஸ்தா. உப்புப் போட்டுக் கொதிக்கிற நிறையத் தண்ணீரில் வேகவையுங்கள். பாக்கெட்டில் 11 நிமிஷம் என்று போட்டிருந்தால் 9 நிமிஷத்தில் வடித்துவிட வேண்டும். பாக்கி வேக்காட்டை அது அவனுக்குள் போய், சாஸைக் குடித்து முடித்துக்கொள்ளும். முழுக்க வெந்ததை உள்ளே தள்ளினால் வெளியே வருவது களி.

அடுத்தது ஒயிட் சாஸ். வெண்ணெயை உருக்கி, மைதாவைப் போட்டு, சின்னத் தீயில் இரண்டு நிமிஷம் பச்சை வாசனை போக வறுக்க வேண்டும். நிறம் மாறக்கூடாது. பிறகு பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறவேண்டும்.

இந்தக் ‘கொஞ்சம் கொஞ்சமாக’ இருக்கிறதே, அங்கேதான் கோட்டை விட்டேன். நானும் சில வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவன். ஃபைல் நம் டேபிளை விட்டுப் போனால் சரி என்று பழக்கம். ஒரு லிட்டரையும் ஒரே மடக்கில் கவிழ்த்தேன். மைதா, தேர்தல் நேரத்துச் சுயேச்சைகள் மாதிரி தனித்தனி உருண்டையாக மிதக்க ஆரம்பித்தது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, இது சாஸா, பால் கொழுக்கட்டையா?”

அம்மா எதுவும் பேசவில்லை. ஆணியில் தொங்கிய மோர் மத்தை எடுத்தாள். பாத்திரத்தை இறக்கி வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் கடைந்தாள். சுயேச்சைகள் அத்தனை பேரும் கட்சியில் ஐக்கியம். மறுபடி அடுப்பில் ஏற்றியதும், கரண்டியின் பின்பக்கத்தில் படிகிற பதத்துக்கு வந்துவிட்டது.

“இதிலே ஜாதிக்காய் ஒரு சிட்டிகை துருவிப் போடணுமாம். வாங்க மறந்துட்டேன்” என்றேன்.

“அதுக்கு ஏன்டா கடைக்குப் போகணும்? போன வருஷம் உன் தங்கச்சி பிள்ளைக்கு வாங்கினது உரை மருந்து டப்பாவிலே இருக்கு.”

ஆக, பிரெஞ்சுக்காரர்கள் பெஷமெல் என்று பெயர் வைத்துக் கொண்டாடும் சாஸுக்கு வாசனை கொடுத்தது எங்கள் வீட்டு உரை மருந்து டப்பா.

அடுப்பை அணைத்த பிறகுதான் பிராசஸ்டு சீஸைத் துருவிப் போடவேண்டும். கொதிக்கிற சாஸில் சாதாரணச் சீஸைப் போட்டால் எண்ணெய் தனி, திப்பி தனியாகப் பிரிந்துவிடும். பிராசஸ்டு சீஸில் சேர்க்கிற உப்புகள் கொழுப்பையும் புரதத்தையும் பிரியவிடாமல் பிடித்து வைக்கும். அதாவது கூட்டணி ஐந்து வருஷம் நிற்கும். ஆனால் இழுத்தால் நூலாக நீளாது. அந்த வித்தைக்கு மொசரெல்லா. அது மேலே தூவுவதற்கு. பூண்டோடு வதக்கின காய், பாஸ்தா, சாஸ் மூன்றையும் கலந்து தட்டில் பரப்பி, மேலே மொசரெல்லாவைத் தூவி, பத்து நிமிஷம் முன்னாலேயே 180 டிகிரிக்குச் சூடாக்கின அவனிடம் ஒப்படைத்தேன். 25 நிமிஷம்.

* * *

ஏழரை ஷிஃப்ட்டைத் தியாகம் செய்துவிட்டுக் காத்திருந்த அப்பாவைச் சமாதானப்படுத்த, படித்து வைத்திருந்த சரித்திரத்தை எடுத்துவிட்டேன்.

“1937-லே, அமெரிக்காவிலே எல்லாரும் காசுக்குத் திண்டாடினப்போ, கிராஃப்ட் கம்பெனிக்காரன் மக்ரோனியையும் சீஸையும் ஒரே டப்பாவிலே போட்டு வித்தான்ப்பா. 19 சென்ட். நாலு பேர் சாப்பிடலாம்.”

“அவன் வியாபாரி” என்றார் அப்பா, என்னை ஒரு பார்வை பார்த்தபடி.

“அதுக்கும் முன்னாடி, 1802-லே, ஜனாதிபதி ஜெஃபர்சன் ஒரு விருந்திலே மக்ரோனி பை போட்டார். அதிலே கலந்துக்கிட்ட மனாசே கட்லர்னு ஒரு காங்கிரஸ் உறுப்பினர், உள்ளே இருந்தது வெங்காயம்னு நினைச்சுக்கிட்டார். ருசி பிடிக்கலைன்னு எழுதி வெச்சிருக்கார்.”

“நாணயமான மனுஷன்” என்றார் அப்பா.

“அதை ஜெஃபர்சனே சமைச்சாரா?” என்றான் பையன்.

“இல்லைடா. 1784-லே அவர் பாரிஸ் போனப்போ, தன்கிட்டே அடிமையா இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ்ங்கிறவரையும் கூட்டிட்டுப் போய், பிரெஞ்சுச் சமையல் பழக வெச்சார். ஹெமிங்ஸ்தான் அமெரிக்கா திரும்பி, ஜெஃபர்சன் வீட்டிலே அந்தச் சமையலைப் பண்ணினவர். 1796-லேதான் அவருக்கு விடுதலை. அதுவும், தம்பிக்குச் சமையல் கத்துக்குடுத்த பிறகு. நீ கேக்கிற விருந்து நடக்கும்போது அவர் உயிரோட இல்லை.”

“சமைச்ச வருஷமெல்லாம் அவர் அந்த டேபிள்ளே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாரா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து அம்மா சிரித்தாள். “சமைக்கிறவங்க எங்கேடா உட்கார்றது!”

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஜெஃபர்சன் யார் என்றுகூட அவளுக்கு அக்கறை இல்லை. ஆனால் என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவனைப் பார்த்தேன். இன்னும் பன்னிரண்டு நிமிஷம் பாக்கி.

* * *

எட்டு மணிக்கு மணி அடித்தது. சீஸ் அங்கங்கே பொன்னிறமாகப் பொரிந்து, ஓரங்களில் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் ஆறவிட்டால்தான் துண்டாக எடுக்க வரும். பத்து நிமிஷத்துக்கு மேல் விட்டால் சீஸ் ரப்பராகிவிடும். இந்த ஐட்டம் யாருடைய ஷிஃப்ட்டுக்காகவும் காத்திருக்காது. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

டைனிங் டேபிள் மேலிருந்த துவைத்த துணி, பழைய பேப்பர், கரண்ட் பில் எல்லாவற்றையும் ஒதுக்கினோம். அப்போதுதான் கவனித்தேன். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் நாலே நாற்காலி. பத்து வருஷமாக யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

பால்கனியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். “நீங்க உட்காருங்க, நான்...” என்று அம்மா ஆரம்பித்தாள். ஆனால் போய் நிற்க அடுப்பில் எதுவும் இல்லை. கல் காயவில்லை. திருப்பிப் போட ஒன்றும் இல்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவள் மாதிரி புடவையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

“உட்காருங்க அத்தை” என்று என் மனைவி கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

உட்கார்ந்த பிறகும், தண்ணீர் எடுக்க ஒருதரம், ஸ்பூன் எடுக்க ஒருதரம் எழுந்தாள். மூன்றாவது தரம் எழுந்தபோது, “ஏய், உட்காரேன்” என்றார் அப்பா. நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் சொல்லி நான் கேட்ட மிக நீளமான காதல் வசனம் அது.

பரிமாறினேன். அப்பாவுக்குச் சின்னத் துண்டு, பக்கத்தில் நிறைய வெள்ளரிக்காய். பையன் சீஸை முழ நீளம் இழுத்துக் காட்டினான். அம்மா ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள். “ஸ்ஸ்...” என்று வாயைத் திறந்து ஊதினாள். கண்ணில் தண்ணீர்.

“என்னம்மா, நல்லாயில்லையா?”

“நாக்கு சுட்டுடுச்சுடா. இவ்வளவு சூடா சாப்பிட்டுப் பழக்கமில்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் லேட்டாக.

* * *

கணக்கை முடித்துவிடுகிறேன். சாமான் செலவு 560 ரூபாய். ஆளுக்கு 112. ஹோட்டலில் ஐந்து பேருக்கு 2,100 ஆகியிருக்கும். ஆக லாபம் 1,540. கரண்ட் சார்ஜையும், பாத்திரம் தேய்த்த என் கூலியையும் கணக்கில் எடுக்கவில்லை. ஐந்தாவது நாற்காலியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பி.காமில் சொல்லித்தரவில்லை.

இதற்குப் பாஸ்தாதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம் இட்லியும் ஒரே ஈட்டில் எல்லோருக்கும் வந்துவிடும். இடியாப்பமும் அப்படியே. தோசை ராத்திரிகளில்தான் சிக்கல். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாகிவிட்டது. கல்லுக்கு முன்னால் இப்போது நான் நிற்கிறேன். என் தோசைகள் வட்டமாக வருவதில்லை. நேற்று ஒன்று ஆஸ்திரேலியா மாதிரி வந்தது. பையன் ஜியாக்ரபி நோட்டை எடுத்து வந்து ஒப்பிட்டுப் பார்த்தான்.

சட்டியில் மிச்சமிருந்த கருகின ஒன்றை நின்றபடியே நான் தின்றுகொண்டிருந்தபோது, அப்பா மெதுவாகச் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

“ஏன்டா, இந்தச் சனிக்கிழமை அவன் வர்றானா?”