ஒன்றரை மணித்தியாலக் கேம் போதும்

மானிப்பாயில் ஒரு கலியாண வீட்டில் "தம்பி என்ன செய்யிறீர்?" எண்டு கேட்கிறவரிடம் "கேம் செய்யிறன்" எண்டு சொல்லிப் பாருங்கோ. அவருடைய காதில் "கேம் விளையாடுறன்" எண்டுதான் விழும். அடுத்த கேள்வி, "அது சரி, வேலை?"

இதுக்குப் பதிலாக எங்கட பெடியள் வழக்கமாகக் காட்டுறது எரிக் பரோனை. கம்பியூட்டர் சயன்ஸ் படிச்ச அமெரிக்கர். புரோகிராம், படம், இசை எல்லாத்தையும் தானே செய்து, நாலரை வருஷத்துக்குப் பிறகு 2016 இல் 'ஸ்டார்டியூ வலி'யை வெளியிட்டார். கோடிக்கணக்கான பிரதிகள் வித்துது. எல்லாம் உண்மை. ஆனால் கதையில ஒரு பகுதியை நாங்கள் சொல்லுறேல்லை. அந்த வருஷங்களில் அவருடைய காதலி உழைச்சுத்தான் வீடு ஓடினது. அவரும் பகுதிநேரமாகத் தியேட்டரில் இடங்காட்டுற வேலை பார்த்தவர்.

எங்கட வீட்டில் அந்த நாலரை வருஷத்தை ஆர் சுமக்கிறது? வெளிநாட்டில் இரவு வேலை செய்யிற அண்ணாவா? காப்பை அடைவு வைக்கிற அம்மாவா? அவையின்ர பங்கை மறைச்சுப்போட்டு "தனி ஆளாச் சாதிச்சன்" எண்டு சொல்லுறது நேர்மையில்லை.

அதனால நான் காட்டுறது வேற ஒரு கேம்: 'வெண்பா'. இந்தியாவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த அபியின் இயக்கத்தில், ரொறன்ரோவில் இருக்கிற 'விசை' எண்ட சின்னக் குழு 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடா போன வெண்பா, கணவன் பாவலன், மகன் கவின், இவ்வளவுதான் ஆக்கள். துவக்கு இல்லை, சண்டை இல்லை. அம்மா தந்த பழைய சமையல் கொப்பியில் எழுத்து அழிஞ்சிருக்கு, பக்கம் கிழிஞ்சிருக்கு. விடுபட்ட படியை விளையாடுறவர்தான் யோசிச்சுக் கண்டுபிடிக்கவேணும். இட்லியும் புட்டும்தான் இதில புதிர். அம்மாவின்ர தமிழ் மகனிட்டை மெல்ல மெல்லத் தேயிறதுதான் இதின்ர கதை.

ஒன்றரை மணித்தியாலத்தில் முடிஞ்சிடும். அந்தச் சின்னக் கேம் 2024 இல் சுயாதீன கேம் விழாவின் பெரும்பரிசையும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதையும் எடுத்தது.

நான் இதிலிருந்து எடுக்கிறது விருதை இல்லை, அளவை. தனிப் புரோகிராமருக்கு முதல் தேவையான திறமை, தொடங்கினதை முடிக்கிறது. திறந்த உலகம், நூறு ஆயுதம் எண்டு தொடங்கின எத்தினை கேம் எங்கட லப்டொப்புகளில் பாதியில கிடக்குது? கோடோ என்ஜின் இலவசம். ஸ்டீமில் ஒரு கேமைப் போட 100 டொலர் கட்டவேணும். விற்பனையில் வழமையாக 30 வீதம் அவை எடுப்பினம். இந்தக் கணக்கை முதலே போடுங்கோ. வேலைக்குப் போங்கோ, பின்னேரத்தில் கோட் எழுதுங்கோ, ஆறு மாசத்தில் முடியிற ஒண்டைத் தொடங்குங்கோ.

"எங்கட கதையை, அதுவும் தமிழில, ஆர் விளையாடுவினம்?" எண்டு கேட்கிறவைக்கு ஒண்டு. 1860களில் வைத்தியர் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிச்சது இதே மானிப்பாயில்தான். மருத்துவத்துக்கு ஏலுமெண்டால் கேமுக்கு ஏலாதோ?

பெரியாக்களிட்டையும் ஒரு வேண்டுகோள். அடுத்த கலியாண வீட்டில் "வேலை?" எண்டு கேட்க முதல், "முடிச்சது ஏதும் இருக்கோ? காட்டும் பாப்பம்" எண்டு கேளுங்கோ. பெடியனும் அதுக்குள்ள ஒண்டை முடிச்சு வைக்கட்டும்.