மண்ணின் வெம்மை

1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் ஜமீன்தாராய் விளங்கிய ஊர் பாலவனத்தம். அவ்வட்டாரத்துக் கரிசலில் மழைக்கு முன்னரே பருத்தியும் சோளமும் விதைப்போர் உளர். நாளிதழ் அறிவிப்பது காற்றின் வெப்பம். விதை கிடப்பதோ மண்ணினுள்! அங்கு வெந்து விதை கெட்டால், ஆண்டின் உழைப்பும் கெடும்.

மண்ணின் வெப்பத்தை அளத்தல் அரிதன்று. அடியில் தகரம் பொருத்திய மூங்கிற் குழலை மண்ணில் நட்டு, வெப்பமானியைக் கயிற்றால் உள்ளே இறக்கி, வாயைத் துணியால் அடைத்து, ஒரு நாழிகை பொறுத்திருங்கள். வெப்பமானியின் குமிழை மெழுகிற் பொதிதல் இன்றியமையாதது. இன்றேல் வெளியே எடுத்துப் படிக்குமுன் அளவு மாறிவிடும். நண்பகலையொட்டி மேற்பரப்பு கொதிக்கும். அவ்வெம்மை கீழிறங்கப் பல நாழிகை செல்லும். அரை மீட்டர் ஆழத்திலோ பகலிரவு வேறுபாடு பெரும்பாலும் புலப்படாது. இதனை ஏட்டில் மட்டும் கற்பது போதாது என்பேன். விதைப்புக் காலத்தில் 5 சென்டிமீட்டர் ஆழத்து வெப்பத்தை நாள்தோறும் அளந்து, உழவர் காணுமாறு பள்ளி வாயிலில் எழுதி வைத்தல் வேண்டும்.