பழைய காசைத் தேய்த்தால் மதிப்பும் தேயும்!

எலவனாசூர்கோட்டை போன்ற ஊர்களில், பாட்டியின் பெட்டியில் விக்டோரியா வெள்ளி ரூபாய் கிடப்பதுண்டு. அதன் விலை என்ன?

அதற்கு இரண்டு மதிப்பு உண்டு. ஒன்று வெள்ளியின் மதிப்பு. எடை 11.66 கிராம், 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. துளை விழுந்தாலும் இந்த மதிப்பு சிறிதே குறையும்.

மற்றொன்று, காசு சேர்ப்பவர்கள் தரும் விலை. அவர்கள் பழுதைப் பார்ப்பார்கள். மாலை கோக்கப் போட்ட துளை, பற்றவைத்த வளையம், கீறல் எல்லாம் விலையைக் குறைக்கும். புளி போட்டு விளக்கினாலும் குறையும். பளபளப்பு வரும், பழமை போய்விடும். ஆனால் நாணயச் சாலையிலேயே நேர்ந்த அபூர்வமான அச்சுப் பிழையோ விலையை ஏற்றும்!

அமெரிக்காவில் 1949-ல் ஷெல்டன் என்பவர் பழைய செப்புக் காசுகளுக்கு 1 முதல் 70 வரை தர எண் வகுத்தார். இன்று மற்றக் காசுகளுக்கும் அது வழங்குகிறது.

இந்த விவரம் தெரியாதவர்களையே மோசக்காரர்கள் தேடுகிறார்கள். "பழைய காசுக்கு லட்ச ரூபாய்! முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்கிறார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சொல்கிறார்கள். தான் அப்படிக் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

காசை விற்பவர்தான் பணம் வாங்க வேண்டும். முன்பணம் கேட்டால், பெட்டியை மூடிவிடுங்கள்!