நள்ளிரவு எண்ணெய்

'பர்னிங் தி மிட்நைட் ஆயில்' என்னும் ஆங்கில மரபுத்தொடருக்கு, இரவு வெகுநேரம் விழித்திருந்து படித்தல் அல்லது உழைத்தல் என்று பொருள். எண்ணெய் விளக்கில் படித்த காலத்தில் பிறந்த தொடர் இது. 1635இல் ஆங்கிலக் கவிஞர் பிரான்சிஸ் குவார்ல்ஸ் வெளியிட்ட 'எம்பிளம்ஸ்' நூலிலேயே நள்ளிரவு எண்ணெய் பேசப்படுகிறது.

இத்தொடரை நாம் சரியாகப் பயன்படுத்துகிறோமா? பகலெல்லாம் அரட்டையடித்துவிட்டுத் தேர்வுக்கு முதல்நாள் இரவு மட்டும் விழித்திருப்பதற்கு இப்பெருமை பொருந்தாது. நற்செய்தி உவமையில் வரும் அறிவில்லாத கன்னியர் ஐவரும் நள்ளிரவில்தானே எண்ணெய் வாங்க ஓடினார்கள்! பகல் கிடைக்காதவர்க்கே இத்தொடர் உரியது. சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான தி. முத்துசாமி ஐயர், இளமையில் தெருவிளக்கின் ஒளியில் படித்தார் என்பர்.

தூங்கா நகரமாம் மதுரையில், நம் வகுப்பிலேயே அத்தகையோர் இருக்கின்றனர். பள்ளி விட்டதும் மல்லிகை தொடுத்து, பாத்திரம் துலக்கி, தம்பி தங்கையரைத் தூங்கவைத்த பின்பே அவர்கள் புத்தகத்தைத் திறக்கின்றனர். அண்ணனோ விளக்கு வைத்ததும் படிக்க அமர்ந்துவிடுகிறான்! மறுநாள் வகுப்பில் அவள் கண்ணயர்ந்தால், நாம் அவளைச் 'சோம்பேறி' என்று கேலி செய்கிறோம். இது நியாயமா?

அன்புள்ள பெற்றோரே, நாங்கள் வீட்டு வேலைக்கு அஞ்சவில்லை. அண்ணனும் அதில் பாதியைச் செய்யட்டும். மாலையில் ஒரு மணி நேரம் எங்களுக்கும் கிடைக்கட்டும். தோழியரே, பகல் வாய்த்த நாம் பகலிலேயே படிப்போம். நள்ளிரவில் விளக்கெரிப்பது பெருமைதான். ஆயினும் எந்தப் பெண்ணுக்கும் அது கட்டாயமாக வேண்டாம்.